தடித்த பிடியும் மெல்லிய பிடியும்: ஜவாத் நானா நினைவாக

சென்ற வியாழக்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். பாண்டிருப்பில் என் வீட்டுக் குசினியில் மீன் துப்பரவு செய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கை முழுவதும் செதில். கழுவிவிட்டு வருவதற்குள் அடித்து ஓய்ந்து, உடனே மறுபடியும் அடித்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அன்ரி, வாப்பா மவுத்தாப் போயிட்டாரு. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றாள் ஜவாத் நானாவின் மகள் பர்வீன். அழவில்லை. இன்னும் எத்தனையோ பேருக்குச் சொல்ல வேண்டிய பிள்ளை அழுவதற்கு எங்கே நேரம்? அவள் பங்குக்கும் சேர்த்து நான்தான் அழுதேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கல்முனையைச் சேர்ந்த ஜவாத் நானா எங்கள் தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் பணி செய்தவர். பதிவுத் தபால் மேசை அவருடையது. அதில் இருபத்தாறு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவள் நான். முதல் ஐந்து வருடம் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டார். பிறகு 'தங்கச்சி' ஆனேன்; அவர் எனக்கு 'நானா', அதாவது அண்ணன், ஆனார். கடல் கடந்த நாடுகளிலும் அவரை அறிந்தவர்கள் உண்டு. பழைய சவர றேசர்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் அவர்கள். நான் எழுதிப் பழகியவள் அல்ல. மற்றவர்கள் எழுதியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற உத்தியோகத்தில் இருந்தவள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை. அவர் செய்த ஒரு பெரிய பிழையும் இதில் வருகிறது. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாண்டிருப்புத் தமிழரும் கல்முனை முஸ்லிம்களும் சில நாட்களில் ஒருவரையொருவர் முகம் கொடுத்துப் பார்க்கமாட்டார்கள். நடந்தால் கால் மணி நேரத் தூரம். ஆனால் அந்த நாட்களில் அது நடக்கக்கூடிய தூரமாக இருக்கவில்லை. அப்படியான ஒரு பின்னேரம் நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கந்தோர் வாசலில் தயங்கி நின்றேன். ஜவாத் நானா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "நடங்க மிஸ், எனக்கும் அங்கால ஒரு அலுவல் இரிக்கி" என்றார். சந்தி வரைக்கும் கூடவே வந்தார். அங்கே அவருக்கு ஓர் அலுவலும் இல்லை. மறுநாளும் அதே அலுவலுக்கு வந்தார். நிலைமை சீராகும் வரைக்கும் வந்தார். ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

இவ்வளவு நல்ல மனிதருக்குக் கோபம் என்று ஒன்று வந்தால் அது இறங்காது. அவர் படித்த படிப்புக்கெல்லாம் அந்தக் கோபம்தான் அரிவரி.

அவருடைய வாப்பா, கல்லோயாப் பக்கம் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு ஜீப் ஓட்டியவர். இன்ஜினியர் நாடு திரும்பும்போது தான் பாவித்த றேசரை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முழுவதும் உலோகத்தால் ஆனது. பிடியின் அடியில் உள்ள குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவு விரியும். பிளேட்டை உள்ளே வைத்துத் திருப்பித் திருகினால் மூடிக்கொள்ளும். தலைக்குக் கீழே ஒரு வளையம், அதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம். வளையத்தை ஒன்றில் வைத்தால் பிளேட் தோலில் பட்டும் படாமலும் போகும். இலக்கம் ஏற ஏறப் பிளேட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடும். "ஒம்பதுல வெச்சா தாடியோட தாடையும் சேந்து வரும்" என்பார் ஜவாத் நானா. வாப்பா சாய்ந்தமருதில் ஒரு தச்சரைக் கொண்டு அதற்கென்று தேக்கில் ஒரு பெட்டி செய்வித்திருந்தார். றேசர் படுப்பதற்கு அளவாக உள்ளே ஒரு பள்ளம் குடைந்திருந்தது.

எங்கள் பக்கத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண்ணுக்கு. ஆண் கட்டியவளின் வீட்டுக்குப் போவான். வாப்பா மவுத்தானபோதும் அதுதான் நடந்தது. வீடும் வளவும் சகோதரிக்கு என்று முன்பே ஆகியிருந்தது. மூத்தவர் ஜவாத், இளையவர் அன்வர் என்று ஆண் மக்கள் இரண்டு பேர். வாப்பாவின் கை பட்டது என்று அவர்களுக்கு மிஞ்சியது அந்தப் பெட்டி ஒன்றுதான். கடைசிக் காலத்தில் வாப்பாவைக் கவனித்தவர் அன்வர் என்பதால் பெட்டி அவரிடம் இருந்தது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு அதைச் சகோதரி வீட்டுக்கு எடுத்து வந்தார். ஜவாத் நானா திறந்து பார்த்துவிட்டு, "இது வாப்பாட இல்ல" என்றார்.

அவருடைய ஞாபகத்தில் வாப்பாவின் றேசர் தடித்த பிடி. பெட்டிக்குள் கிடந்தது மெல்லிய பிடி. அன்வர் அப்போது பழைய சாமான் வாங்கி விற்கிற ஒருவரோடு கூட்டாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். சந்தேகத்துக்கு அது போதும். நல்லதை விற்றுவிட்டு இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்று ஜவாத் நானா முடிவு கட்டினார். அத்தோடு விட்டிருந்தால் வீட்டுச் சண்டை. அவர் அதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பெரியவர்கள் ஐந்து பேர் முன்னால், தம்பியை நிறுத்திக் கேட்டார். மெல்லிய பிடி பெட்டியின் பள்ளத்தில் சரியாகப் படுத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் தடித்த பிடி என்பது எவ்வளவு தடிப்பு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அன்வர் வாதாடவில்லை. "காக்கா செல்றது சரியெண்டா சரி" என்று மட்டும் சொன்னாராம். காக்கா என்றால் அண்ணன். ஜவாத் நானா பெட்டியை எடுத்துக்கொண்டு, "இந்தப் பொய் றேசர் எனக்கு வேணாம்" என்று றேசரைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. பதினொரு வருடம்.

அந்தப் பதினொரு வருடத்தில்தான் அவர் றேசர் படித்தார். தம்பி செய்த களவை ஒருநாள் ஐயமற நிறுவிக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். ஆரம்பத்தில் வெளிநாட்டாருக்குக் கடிதம் எழுதினார். பிறகு போன் வந்தது, அதில் படங்கள் வந்தன. தடித்த பிடி முதலில் வந்தது, அதை நிறுத்திவிட்டு மெல்லியதைச் செய்தார்கள், பிறகு கறுப்புப் பிடியோடு நீளமான ஒன்று வந்தது, திருகுவதற்குப் பதிலாக நெம்பு வைத்த ஒன்றும் உண்டு என்றெல்லாம் எனக்கே மனப்பாடம். தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் பொறித்திருக்கும். எழுத்து வருடத்தைச் சொல்லும், இலக்கம் அந்த வருடத்தின் எந்தக் காலாண்டு என்று சொல்லும். வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் சேர்க்கிறவர்களுக்குப் பைத்தியமே பிடிக்கும். பிடியை மட்டும் மாற்றிப் பூட்டி ஏமாற்றுகிறவர்களும் இருந்தார்கள். ஜவாத் நானா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "தலை ஒரு வருஷம், பிடி ஒரு வருஷம். இது செத்த ரெண்டு மையத்த ஒட்டி ஒரு ஆளாக்கினது" என்று தீர்ப்புச் சொல்வார். அவர் தீர்ப்புக்கு மறுபேச்சு வந்ததாக நான் அறியவில்லை. முத்திரை பார்க்கிற லென்ஸை றேசர் படத்தில் பிடித்துக்கொண்டிருப்பார். பதிவுத் தபாலுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று செருமுவார்கள்.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "ஊரும் ஊரும் கதைக்காத நாளில என்னைச் சந்தி மட்டும் கொண்டு வந்து விட்டனீங்க. கூடப் பிறந்த தம்பியோட கதைக்க உங்களுக்கு என்ன நானா?"

"அது வேற, இது வேற தங்கச்சி" என்றார்.

"எப்பிடி வேற?"

"அண்டைக்கி நீங்க என்னட்டப் பொய் செல்லல்ல."

நான் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. சாய்ந்தமருதில் மீன்வலை விற்கிற கடை போட்டிருந்த அன்வரை ஊர் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அவருடைய மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் அந்த றேசர்க் கதையையும் விசாரித்துவிட்டுப் போய், திரும்பி வரவே இல்லையாம். இது ஜவாத் நானாவின் காதுக்கும் எட்டியது. அன்று முழுவதும் முகம் கொடுக்காமல் வேலை செய்தார்.

பதினோராம் வருடம் ஒரு பொதி வந்தது. அவரிடம் அடிக்கடி சந்தேகம் கேட்கிற ஒரு வெளிநாட்டவர் நன்றிக்காக ஒரு றேசரை அனுப்பியிருந்தார். தடித்த பிடி. எத்தனையோ படத்துக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர் அதுவரை ஒரு தடித்த பிடியைக் கையில் தொட்டதில்லை. இந்தப் பக்கம் கிடைத்ததெல்லாம் மெல்லியது, இல்லாவிட்டால் கறுப்புப் பிடி. பொதியைப் பிரித்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. "இதுதான் தங்கச்சி. இதத்தான் செல்லிட்டிருந்தன்" என்று எல்லா மேசைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோய் வாப்பாவின் பெட்டியில் வைக்கப் போவதாகச் சொன்னார்.

மறுநாள் பெட்டியையும் றேசரையும் கந்தோருக்கே எடுத்து வந்துவிட்டார். என் மேசையில் வைத்து, "நீங்க வெச்சுப் பாருங்க" என்றார்.

வைத்தேன். பள்ளத்துக்குள் போகவில்லை. திருப்பி வைத்தேன், அமர்த்திப் பார்த்தேன். தலை மட்டும் இறங்கியது. பிடி மேலே நின்றது. தச்சர் மெல்லிய பிடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடைந்த பள்ளம் அது. வாப்பா இருந்த காலத்தில் குடைந்தது.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "மாரி மழைக்கு மரம் ஊதியிருக்கும் நானா" என்றேன்.

"மரத்தில பழியப் போடாதீங்க" என்றார். கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு வயசில வாப்பா கையில தருவாரு, குமிழத் திருகச் சொல்லி. ஏழு வயசுக் கைக்கு எது தங்கச்சி தடிப்பில்ல?"

ஆயிரம் பேருக்கு அளவு சொன்னவர் தன் அலுமாரியில் இருந்த பெட்டியை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. தோன்றவில்லையா, பயந்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். உண்மையைத்தான் சொல்லியிருப்பார்.

யாருக்கும் தெரியாத விடயம், தம்பியின் வீட்டுக்குப் போய் ஆறுதலாகக் கதைத்து முடித்துவிடுங்கள் என்று அவருக்குப் புத்தி சொன்னேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்.

"பழிய சபையில வெச்சுச் செல்லிட்டு, மன்னிப்ப மட்டும் குசினிக்குள்ள கேக்கிறதா?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அதே பள்ளிவாசலில், அதே இடத்தில் எழுந்து நின்றிருக்கிறார். அன்றைக்கு இருந்த ஐந்து பெரியவர்களில் மூன்று பேர் மவுத்தாகியிருந்தார்கள். மிச்ச இரண்டு பேரின் கையிலும் பெட்டியையும் தடித்த பிடியையும் கொடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னாராம். "என்ட தம்பி களவெடுக்கல்ல. நான்தான் பதினொரு வருஷம் அவன்ட பேரக் களவெடுத்து வெச்சிருந்த" என்றாராம். அதற்கடுத்த வெள்ளி சாய்ந்தமருதுக்குப் போய், அன்வர் தொழுகிற பள்ளியிலும் தம்பி முன்னால் அதையே சொன்னார். அங்கே அவரை ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மானத்தை உயிராக வைத்திருந்த மனிதர் இரண்டு ஊரில் அதை இறக்கி வைத்தார். சனிக்கிழமை ஒன்றும் நடக்காதது போல வேலைக்கு வந்து முத்திரை குத்தினார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அன்வர் எல்லோரும் பார்த்திருக்க, "சரி காக்கா" என்று சொல்லி முஸாபஹா செய்து கையைப் பிடித்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். தெருவில் கண்டால் ஸலாம். கல்யாண வீடு, மவுத்து வீடு என்றால் வருவார். ஆனால் காக்காவின் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. பெருநாளைக்கும் வரவில்லை. ஒவ்வொரு பெருநாளும் ஜவாத் நானா வட்டிலப்பத்தில் ஒரு பங்கை எடுத்து மூடிவைக்கச் சொல்வாராம். மூன்றாம் நாள் ஜெஸீமா ராத்தா, அவருடைய மனைவி, பேசாமல் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு அன்வரில் கோபம் வந்தது. பிறகு அவருடைய மகளை நினைப்பேன், கோபம் ஆறிவிடும். பதினொரு வருடத்தை இரண்டு வெள்ளிக்கிழமையால் எப்படி அடைக்கிறது?

ஜவாத் நானா ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் நானும் ஓய்வு பெற்றேன். றேசர் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்கிற விதம் மாறிவிட்டது. யாராவது படம் அனுப்பினால், "படத்தில அப்பிடித்தான் தெரியிது. கையில எடுத்துப் பாக்காம நான் சத்தியம் பண்ணமாட்டன்" என்று பதில் எழுதுவாராம்.

சில மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் எழும்பும். நான் பார்க்கப் போனபோது முகம் நிறைய வெள்ளை மயிர். பக்கத்து மேசையில் இருந்த இருபத்தாறு வருடமும் ஒருநாள் சவரம் செய்யாமல் அவரை நான் கண்டதில்லை. "ஒருத்தரயும் முகத்தில கை வைக்க விடுறாரில்ல. கடைக்காரனக் கூட்டி வந்தம், கையத் தட்டி விட்டுட்டாரு" என்றார் ராத்தா. யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் வெளியே வந்து ஓர் ஆட்டோவைப் பிடித்துச் சாய்ந்தமருதுக்குப் போனேன். வலைக்கடையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த அன்வரிடம், "உங்கட காக்கா முகம் வழிக்காமக் கிடக்கிறார். மன்னிக்கிறதோ விடுறதோ உங்கட விருப்பம். கையில றேசர் இருக்கிற ஆள் நீங்கதான்" என்றேன். அவர் தலை நிமிராமல், "பாப்பம் மிஸ்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் போனாராம். அதற்கடுத்த வெள்ளியும் போனதாக ராத்தா போனில் சொன்னார். நான் வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை. அவர்கள் பாடு.

சென்ற வியாழன் பின்னேரம் ஜனாஸா போன பிறகு, பெண்களோடு சிறிது நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் வெள்ளி, ராத்தாவுக்குச் சாப்பாடு கொண்டு காலையில் மறுபடியும் போனேன். அவர் கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கிற இத்தாவில் இருப்பதால் ஆண்கள் உள்ளே வரமாட்டார்கள். முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அன்வர் தனியாக இருந்தார். ஒன்பது மணி. அவர் வழமையாக வருகிற நேரம் அதுதான் என்று பர்வீன் சொன்னாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவராகவே சொல்லத் தொடங்கினார்.

"முதல் வெள்ளி கேட்டன் மிஸ், 'எத்தினயில வெக்க காக்கா?' எண்டு. ஒரு விரலக் காட்டினாரு. வாப்பா மூண்டிலதான் வழிக்கிற. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாப்பா மவுத்தான நாள்ல இருந்து அந்த வளையம் மூண்டிலதான் நிண்ட. நான் ஒண்டும் செல்லல்ல. ஒண்டில வெச்சு வழிச்சன், பாதி மயிர் அப்பிடியே கிடந்திச்சு. அடுத்த வெள்ளி ரெண்டு விரல். அதுக்கடுத்த வெள்ளி மூண்டு. முடிஞ்சதும் கன்னத்தத் தடவிப் பாத்தாரு. நானும் தடவிப் பாத்தன். வாப்பாட கன்னம் மாதிரியே இருந்திச்சு."

சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதோட நிண்டிரிக்கலாம். நாலாம் வெள்ளி நாலு விரலக் காட்டுறாரு. ஆறுக்கு ஒத்தக் கையால அஞ்சக் காட்டி, மடக்கி, மறுகா ஒண்டு. அண்டைக்கிக் கொஞ்சம் ரத்தமும் வந்திச்சு. சிரிச்சாரு மிஸ். போன வெள்ளி ஏழு."

"மூண்டுதான் எண்டு தெரிஞ்சும் ஏன் நீங்க ஒண்டும் கேக்கல்ல?" என்றேன்.

"கேட்டா நிப்பாட்டணுமே."

சட்டைப் பையிலிருந்து றேசரை எடுத்துக் காட்டினார். மெல்லிய பிடி. வளையம் எட்டில் இருந்தது. வியாழன் காலையிலேயே திருப்பி வைத்துவிட்டாராம், செய்தி வருவதற்கு முன்பு. பள்ளியில் ஜும்ஆவுக்காகக் கூட்டிக் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்தார். வளையத்தை மூன்றுக்குத் திருப்பவில்லை. அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

ஜவாத் நானா, உங்கள் தம்பி எட்டாம் வெள்ளிக்கும் நேரத்துக்கு வந்தார். நான் என் கண்ணால் பார்த்தேன். நிம்மதியாக உறங்குங்கள்.